கல்லல் பக்கம் பள்ளச் செய்யில் கதிர் வெளுத்துவிட்டது: இது உறைபனியா, வெறும் பனியா, நோயா?

கல்லல் சம்சாரி | தை 28, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். கல்லலுக்குத் தெற்கே கண்மாய்ப் பாசனத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் வயல் (எங்கள் பக்கம் செய் என்போம்) இருக்கிறது. ஒன்று மடைக்குக் கீழே பள்ளத்தில், இன்னொன்று ரோட்டை ஒட்டி மேட்டில். இரண்டிலும் ஒரே விதை, பிபிடி 5204 என்ற சன்ன ரக நெல். ஒரே நாளில் புழுதியில் விதைத்தேன். புரட்டாசி முதல் வாரம் விதைத்தது, மழை பிந்தியதால் மாதக் கடைசியில்தான் முளைத்தது. உரமும் ஒரே நாளில்தான் போட்டேன்.

தை பாதியில் கதிர் வந்தது. இப்போது மேட்டுச் செய் பால் கட்டி நன்றாக நிற்கிறது. பள்ளச் செய்யில் பாதிக் கதிர் வெள்ளை வெளேரென்று வானத்தைப் பார்த்து நிற்கிறது. கையில் எடுத்து உருவினால் எல்லாம் பதர். அப்பா இறந்தபிறகு நானே நின்று பார்க்கும் மூன்றாவது வெள்ளாமை இது. நேற்று வரப்பில் உட்கார்ந்தவன் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

பக்கத்துச் செய்க்காரர், "உறைபனி விழுந்து கருக்கிவிட்டது தம்பி" என்கிறார். போன வாரம் விடிகாலையில் கை விறைக்கிற அளவுக்குக் குளிர் இருந்தது உண்மை. செல்போனில் 20 டிகிரி என்று காட்டியது. அதை நம்புவதா, வேண்டாமா? நம் பக்கம் உறைபனி விழுமா? எந்தத் தேதிக்குள் கதிர் வந்திருந்தால் தப்பியிருக்கும்? அந்தத் தேதியை யாராவது சொன்னால் அடுத்த வருடம் அதற்குத் தகுந்தபடி விதைத்துக்கொள்வேன்.

வானம் பார்த்தவன், காரைக்குடி | தை 28, இரவு 9.25

தம்பி, உறைபனி இல்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். உறைபனிக்கு இலையின் மேல்பரப்பு 0 டிகிரிக்குப் போக வேண்டும். செட்டிநாட்டில் மார்கழி, தை இரவுகள் 20 டிகிரிப் பக்கம் நிற்கும். நல்ல குளிர் இரவில் இன்னும் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், அவ்வளவுதான்.

ஏன் அதற்குக் கீழே போவதில்லை என்பதைப் புரிந்துகொண்டால் உங்கள் பள்ளச் செய் விஷயமும் புரியும். மேகம் இல்லாத, காற்று அசையாத இரவில் தரையும் பயிரும் தங்கள் சூட்டை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். வாசலில் திறந்தவெளியில் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் சீட்டு விடியும்போது சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். தாழ்வாரத்துக்குள் நிறுத்தியது காய்ந்திருக்கும். அங்கே கூரை மறைக்கிறது, இங்கே மறைப்பு இல்லை. வயலும் வாசலில் நின்ற வண்டி மாதிரிதான்.

இப்படிக் குளிர்ந்துகொண்டே போகும்போது ஒரு கட்டத்தில் காற்றிலிருக்கும் ஈரம் நீராகி இலையில் படிய ஆரம்பிக்கும். ஆவி நீராகும்போது தன் சூட்டை வெளியே விடும். அந்தச் சூடு குளிர்ச்சியைத் தடுத்து நிறுத்திவிடும். தொண்டிக் கடல் நமக்குப் பக்கம். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு கண்மாயும் ஊரணியும் நிறைந்திருக்கும். காற்றில் ஈரம் அதிகம் என்பதால் பனி சீக்கிரமே படியும், குளிரும் அதற்குக் கீழே அதிகம் இறங்காது. மலை உயரத்தில் முதலிலேயே குளிர் அதிகம், காற்றும் காய்ந்திருப்பதால் அந்தத் தடுப்பு கிடையாது. அங்கே நேரே 0-க்குப் போய்விடும்.

செல்போன் காட்டும் 20 டிகிரி உங்கள் செய்யின் சூடு அல்ல. வானிலை ஆட்கள் தரையிலிருந்து ஆள் உயரத்தில், நிழல் பெட்டிக்குள் அளப்பதைத்தான் கணக்காக வைத்துக்கொள்கிறார்கள். செயலியில் வருவது ஒரு பெரிய வட்டாரத்துக்கான மதிப்பீடு. அதே நேரத்தில் கதிர் மட்டத்தில் சில டிகிரி குறைவாக இருக்கும். குளிர்ந்த காற்றுக்கு கனம் அதிகம் என்பதால் தண்ணீர் மாதிரி பள்ளம் பார்த்து இறங்கும். கண்மாய்க் கரை அணை மாதிரி நின்று அதைத் தேக்கியும் வைக்கும். உங்கள் மேட்டுச் செய்யும் பள்ளச் செய்யும் ஒரே ஊராக இருந்தாலும் ஒரே இரவை அனுபவிக்கவில்லை.

வம்பன் பக்கத்து ஆள் | தை 29, காலை 6.10

வேளாண்மைத் துறையில் களப்பணி பார்த்து ஓய்வு பெற்றவன். வெளுத்த கதிரைப் பார்த்ததும் பனி என்று முடிவு கட்டாதீர்கள். மூன்று காரணத்தில் எதுவாகவும் இருக்கலாம், வயலில் நின்றே கண்டுபிடித்துவிடலாம்.

வெளுத்த கதிரைப் பிடித்து மெதுவாக மேலே இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்து அடியில் கடித்த தடமும் கழிவும் இருந்தால் அது குருத்துப்பூச்சி. வெண்கதிர் என்பார்கள். இழுத்தால் வராமல், கதிருக்குக் கீழே இருக்கும் கழுத்துக் கணு கறுத்தோ பழுப்பாகவோ இருந்து அந்த இடத்தில் ஒடிந்தால் அது கழுத்துக் குலைநோய். இரண்டும் இல்லாமல் கழுத்து பச்சையாக இருந்து மணி மட்டும் பதராக இருந்தால் பூக்கும் சமயத்தில் மகரந்தம் கெட்டிருக்கிறது. குளிரோ தண்ணீர்ப் பற்றாக்குறையோ காரணம்.

கூடவே இலையைப் பாருங்கள். நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு, இரண்டு முனையும் கூராகக் கண் வடிவத்தில் புள்ளி இருக்கிறதா? பள்ளத்தில் ஐந்து இடம், மேட்டில் ஐந்து இடம் பார்த்துவிட்டு வாருங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி | தை 29, காலை 7.30

தம்பி, மனசு விட்டுவிடாதீர்கள். எங்கள் ஐயா காலத்திலும் மடைக்குக் கீழே உள்ள செய்தான் முதலில் அடிவாங்கும். தண்ணீருக்கு அதுதான் முந்தும், நோய்க்கும் அதுதான் முந்தும் என்பார்கள்.

எங்கள் வீடுகளில் திருக்கார்த்திகை கழிந்து மூன்று வாரத்தில் வரும் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொள்ளும் நாள் வாக்கில் பனி இறங்கிவிடும். அன்றைக்கு இருட்டியபின் முற்றத்தில் நின்றால் தலை நனையும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது நீங்களும் கேட்டிருப்பீர்கள். மாசியிலும் பனி உண்டு என்பதுதான் அதன் அர்த்தம். முத்துமாரியம்மனுக்கு மாசி பங்குனித் திருவிழா நடந்து பால்குடம் எடுத்து முடிக்கிறவரை நாங்கள் வற்றலும் வடகமும் மாடியில் விட்டுவைக்க மாட்டோம். இருட்டும் முன் உள்ளே எடுத்துவிட வேண்டும். ஒருநாள் மறந்தால் மறுநாள் பூத்துப்போகும்.

ஐயாவுக்கு எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. பேரேட்டின் கடைசிப் பக்கங்களில் மழை, பனி, அறுப்பு எல்லாம் தேதி போட்டு இருக்கும். நான் எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

தேவகோட்டையிலிருந்து மிச்சிகன் | தை 29, காலை 8.05

இங்கே எனக்கு இரவு. தூங்கப் போகும் முன் உங்கள் பதிவைப் பார்த்தேன். நான் கணினி வேலைக்காரன்தான். ஆனால் என் வீட்டைச் சுற்றி ஆப்பிள் தோட்டங்கள். "எந்தத் தேதி?" என்ற உங்கள் கேள்வியை இங்குள்ள விவசாயிகள் ஒவ்வொரு வருடமும் கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

இங்கே பயம் பனிக்காலத்தின் நடுவில் இல்லை. அது முடிந்து இளவேனில் வரும்போதுதான் பயம். மரம் தூங்கும்போது எவ்வளவு குளிரையும் தாங்கும். மொட்டு விரிய விரிய அந்தத் தாங்கும் சக்தி போய்விடும். ஆப்பிள் முழுதாகப் பூத்து நிற்கும்போது மைனஸ் 2.2 டிகிரியில் அரைமணி நேரம் இருந்தால் பத்தில் ஒரு பூ சாகும். மைனஸ் 3.9-க்குப் போனால் பத்தில் ஒன்பது செத்துவிடும். நடுவில் இருப்பது 2 டிகிரிகூட இல்லை.

2012-ல் இங்கே மார்ச் மாதமே கோடை மாதிரி 27 டிகிரிக்கு மேல் சூடு வந்தது. மரங்கள் ஏமாந்து வாரக்கணக்கில் முன்னதாகப் பூத்துவிட்டன. ஏப்ரலில் வழக்கம்போல உறைபனி விழுந்தது. உறைபனி தன் காலத்தில்தான் வந்தது, பூதான் முந்திவிட்டது. அந்த வருடம் மிச்சிகன் மாநிலத்தில் ஆப்பிள் விளைச்சல் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் அதைச் சொல்லும்போது இன்னும் குரல் கம்மும்.

அதனால் இங்கே யாரும் ஒரே தேதி சொல்வதில்லை. முப்பது வருடக் குறிப்பை வைத்து, "இந்தத் தேதிக்குப் பிறகு உறைபனி வர பாதிக்குப் பாதி வாய்ப்பு, இந்தத் தேதிக்குப் பிறகு பத்தில் ஒரு வாய்ப்பு" என்று சொல்கிறார்கள். எவ்வளவு நட்டம் தாங்குவான் என்பதைப் பொறுத்து அவனவன் தேதியைத் தேர்ந்துகொள்கிறான். தக்காளி நாற்றுக்கு ஒரு தேதி, கீரைக்கு வேறு தேதி.

கேத்திப் பள்ளத்தாக்கு | தை 29, முற்பகல் 11.50

பூர்வீகம் கண்டனூர், பதினாறு வருடமாக நீலகிரியில் கேரட்டும் உருளையும் போடுகிறேன். உறைபனி எப்படி இருக்கும் என்று கல்லல் தம்பிக்குச் சொல்கிறேன், அப்புறம் குழப்பம் வராது.

இங்கே ஐப்பசி, கார்த்திகையில் முதலில் நீர்ப்பனி விழும். அப்புறம் வானம் வெளுத்து, காற்று காய்ந்ததும் உறைபனி. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். தலைகுந்தா, காந்தள், அவலாஞ்சி போன்ற தாழ்வான புல்வெளிகளில் காலையில் உப்பு கொட்டியதுபோல் வெளுத்துக் கிடக்கும். சரிவில் மேலே இருக்கிற தேயிலை தப்பிக்கும், கீழே ஓடையை ஒட்டியது கருகும். பள்ளம்தான் வாங்கும் என்பதில் கல்லலும் கேத்தியும் ஒன்றுதான்.

உறைபனி பட்ட இலை வெளுக்காது. இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து திசுவைக் கிழித்துவிடும். வெயில் ஏறியதும் வெந்நீர் ஊற்றியதுபோல் துவண்டு, மறுநாள் கறுத்துவிடும். அதிலும் ஒரு செடி, ஒரு கதிர் என்று பொறுக்கிப் பிடிக்காது. பாத்தி பாத்தியாகப் போகும். உங்களுக்குப் பாதிக் கதிர் வெளுத்து, பாதி பச்சையாக நிற்பதே அது உறைபனி இல்லை என்பதற்குச் சாட்சி.

நாங்கள் இளம் தேயிலைக்குத் தாகைச் செடியை வெட்டி மூடுவோம். பூங்காக்களில் கோத்தகிரி மிலார் என்ற செடியைச் செருகி மலர்ச்செடிகளை மறைப்பார்கள். இலைக்கும் வானத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்று நின்றால் போதும், காரைக்குடிக்காரர் சொன்ன தாழ்வாரத்து வண்டி கணக்குதான். காய்கறித் தோட்டத்தில் விடிவதற்கு முன் ஸ்பிரிங்ளர் போட்டுவிடுவோம்.

தேதிக் கணக்கும் எங்களுக்கு உண்டு. நீர்போகம் என்று தை, மாசியில் உருளை நடுவோம். அப்போது மேலே உறைபனி இருக்கும். கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். மூன்று நாலு வாரம் கழித்து முளை வெளியே தலைகாட்டும்போது உறைபனி விலகியிருக்கும். நடுகிற நாளை நாங்கள் பார்ப்பதில்லை, முளை வெளியே வருகிற நாளைத்தான் பார்த்து நடுகிறோம்.

கல்லல் சம்சாரி | தை 29, மாலை 6.30

எல்லோருக்கும் நன்றி. வம்பன் ஐயா சொன்னபடி பார்த்துவிட்டு வந்தேன்.

பள்ளத்தில் ஐந்து இடத்திலும் கதிர் உருவி வரவில்லை. கழுத்தில் கறுப்பு வளையம் இருக்கிறது, அந்த இடத்தில் ஒடிகிறது. இலையில் நீங்கள் சொன்ன கண் வடிவப் புள்ளி நிறைய. மேட்டில் ஒரே ஒரு இடத்தில் நாலைந்து இலையில் புள்ளி, கழுத்து எல்லாம் பச்சை. ஒரு இடத்தில் மட்டும் ஒரு கதிர் உருவி வந்தது, அடியில் புழு கடித்த தடம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மார்கழிக் கடைசியில் பள்ளத்துப் பயிர் கொஞ்சம் வெளிறித் தெரிந்தது என்று அங்கு மட்டும் அரை மூட்டை யூரியா கூடுதலாக வீசினேன். முதல் பதிவில் உரம் ஒன்று என்று எழுதியது தவறு.

வம்பன் பக்கத்து ஆள் | தை 29, இரவு 7.45

கழுத்துக் குலைநோய்தான். சந்தேகமே இல்லை. மறைக்காமல் யூரியாவைச் சொன்னது நல்லது, காரணம் முழுதாகக் கிடைத்துவிட்டது.

இந்த நோய் ஒரு பூஞ்சணம். இரவில் 20 டிகிரியோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ இருந்து, இலை பத்து மணி நேரத்துக்கு மேல் நனைந்தே இருந்தால் அதன் வித்து முளைத்து உள்ளே இறங்கும். பனி சாயங்காலம் ஏழு மணிக்குப் படிந்து மறுநாள் எட்டு மணி வரை காயாமல் நின்றால் பதின்மூன்று மணி நேரம் கிடைத்துவிடுகிறது. பள்ளத்தில் கண்மாய்க் கரை நிழல் காலை வெயிலை இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போடும். யூரியா கூடியதால் பயிர் அடர்ந்து, இலை மெதுத்துப்போய், காற்று உள்ளே நுழையவில்லை. அதற்குமேல் பிபிடி 5204. சாப்பாட்டுக்கு அருமையான நெல், குலைநோயை மட்டும் தாங்காது.

கழுத்து கறுத்தபிறகு எந்த மருந்து அடித்தாலும் அந்தக் கதிர் திரும்பாது. பள்ளத்துக்கு இனி காசு செலவழிக்காதீர்கள். கடைக்காரர் எதையாவது கொடுத்தாலும் வாங்க வேண்டாம். மேட்டில் இலைப்புள்ளி ஆரம்பித்திருந்தால் டிரைசைக்ளசோல் ஏக்கருக்கு 200 கிராம் என்ற அளவில் நல்ல தண்ணீர் கலந்து, பனி காய்ந்தபிறகு அடிக்கலாம். ஆனால் கதிர் வந்து இத்தனை நாளாகிக் கழுத்து பச்சையாக இருக்கிறது என்றால் எனக்கு அது தேவைப்படாது என்றே தோன்றுகிறது. கதிர் வெளியே வராமல் பொதியில் இருக்கும்போது அடித்திருந்தால் அதற்கு மதிப்பு.

அடுத்த தடவை விதைக்கும்போது கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற உயிர் மருந்தைக் கலந்து விதையுங்கள். யூரியாவைப் பிரித்துப் பிரித்துப் போடுங்கள், பனி இறங்கியபிறகு பள்ளத்தில் போடாதீர்கள்.

புதுவயல் அரிசி | தை 29, இரவு 9.10

நான் இதில் கொஞ்சம் மாறுபடுகிறேன். பனியை எல்லோரும் வில்லனாக்குகிறீர்கள். கரிசல் காட்டில் கொண்டைக்கடலையும் கொத்தமல்லியும் மழை நின்றபிறகு பனியிலேயே விளைகின்றன. நம் சரளை மண்ணில் கொள்ளு எதைக் குடித்து வளர்கிறது? பனி இல்லையென்றால் மாமரம் பூக்குமா? பனி வேண்டாம் என்று யாரும் சொல்லக்கூடாது.

வம்பன் பக்கத்து ஆள் | தை 29, இரவு 9.40

அதை மறுக்கவில்லை. மாமரத்துக்கு மொட்டு வைக்கக் குளிர் இரவு வேண்டும்தான். ஆனால் மொட்டு விரிந்தபிறகு மூட்டமும் பனியுமாக இருந்தால் சாம்பல் நோயும் தத்துப்பூச்சியும் பூங்கொத்தைக் கறுக்கடித்துவிடும். அதற்கு லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகம் அடிக்கிறோம். மல்லிகையைப் பாருங்கள், மார்கழி, தையில் மொட்டே இருக்காது, விலை எங்கேயோ போகும். மல்லிகைக்காரர்கள் பனியோடு சண்டை போடுவதில்லை. அந்தப் பனி மாதங்களில் கவாத்து செய்துவிட்டு மாசியில் துளிர்க்க விடுகிறார்கள். ஒரே பனி ஒரு பருவத்தில் ஊட்டுகிறது, இன்னொரு பருவத்தில் கெடுக்கிறது.

புதுவயல் அரிசி | தை 29, இரவு 10.05

அப்படிச் சொன்னால் சரி, ஒத்துக்கொள்கிறேன். நெல் வாங்கும் ஆள் என்ற முறையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தப் பள்ளத்து நெல்லையும் மேட்டு நெல்லையும் கலந்து அறுக்க வேண்டாம். குலைநோய் பட்ட கதிரில் தப்பிய மணியும் அரைவயிறாக இருக்கும், ஆலையில் போட்டால் நொய்யாகும். கலந்துவிட்டால் மேட்டு நெல்லுக்கும் விலை போய்விடும். அறுவடை இயந்திரக்காரர் காலை ஏழு மணிக்கு வருகிறேன் என்பார், விடாதீர்கள். பனி காய்ந்து பத்து மணிக்குமேல் இறக்குங்கள். கொள்முதலில் 17 சதவீத ஈரம்தான் கணக்கு. பனியோடு அறுத்த நெல்லைக் களத்தில் இரண்டு நாள் கிளற வேண்டிவரும். 2021 ஜனவரியில் பொங்கல் சமயத்து மழையும், 2023 பிப்ரவரி முதல் வாரத்து மழையும் அறுப்புக்கு நின்ற சம்பாவை என்ன செய்தன என்று எல்லோரும் பார்த்தோம். களத்தில் நெல்லை இரண்டு நாள் கூடுதலாக வைத்திருப்பது அவ்வளவு சின்ன விஷயம் இல்லை.

கல்லல் சம்சாரி | மாசி 2, காலை 9.15

காரைக்குடி அண்ணன் எழுதியதிலிருந்தே ஒரு எண்ணம். மருந்துக்கடையில் இரண்டு சாதா அறை வெப்பமானி வாங்கினேன். ஒன்றை மேட்டிலும் ஒன்றைப் பள்ளத்திலும் கதிர் உயரத்துக்குக் குச்சி நட்டுக் கட்டினேன். மூன்று நாளாக விடியற்காலை ஐந்தரைக்கு டார்ச்சோடு போய்ப் பார்க்கிறேன்.

முதல் நாள் மேட்டில் 20, பள்ளத்தில் 18. இரண்டாம் நாள் 21, 18. மூன்றாம் நாள் கொஞ்சம் மேகமூட்டம், இரண்டிலும் 22. பனி காயும் நேரத்தையும் பார்த்தேன். மேட்டில் ஏழே முக்காலுக்கு இலை காய்ந்துவிட்டது. பள்ளத்தில் ஒன்பது மணிக்கும் கால்சட்டை முழங்கால் வரை நனைந்தது.

இத்தனை நாள் இதைக் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன், ஆனால் கவனிக்கவில்லை. அப்பா பள்ளத்தில் எப்போதும் முரட்டு நெல்தான் போடுவார். சன்ன ரகத்துக்கு விலை கிடைக்கிறதே, ஏன் போடவில்லை என்று அவரிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன். அவருக்குக் காரணம் தெரிந்திருக்கிறது, எனக்குப் புரியும்படி சொல்லத்தான் வரவில்லை.

வானம் பார்த்தவன், காரைக்குடி | மாசி 2, காலை 10.00

படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. மேகமூட்டமான நாளில் இரண்டும் ஒன்றானதைப் பாருங்கள். மேகம் கூரை மாதிரி மூடி, சூட்டை வெளியே போகவிடவில்லை. வெப்பமானியை மட்டும் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நனைந்தால் குறைத்துக் காட்டும். மேலே ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்தால் போதும். இரண்டு செய்யிலும் ஒரே மாதிரி கவிழ்க்க வேண்டும், இல்லையென்றால் ஒப்பிட முடியாது.

தேவகோட்டையிலிருந்து மிச்சிகன் | மாசி 2, மாலை 5.20

தெளிப்பு நீர் பற்றிக் கேத்திக்காரர் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். இங்கே உறைபனி இரவில் பூத்த மரத்தின் மேலேயே தண்ணீர் தெளிப்பார்கள். ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி சூடு வெளியே வரும், அது பூவை 0 டிகிரியிலேயே பிடித்து வைக்கும். ஆனால் ஆரம்பித்தால் பனிக்கட்டி உருகும்வரை நிறுத்தக்கூடாது. நடுவில் நின்றால் ஈரம் ஆவியாகி, உறைந்தபோது கொடுத்ததைப்போல ஏழு மடங்குக்கு மேல் சூட்டைப் பிடுங்கிக்கொள்ளும். தெளிக்காமல் விட்டதைவிட மோசமாகிவிடும். இதைப் படித்துவிட்டு நம் ஊரில் பனிக்கு மாற்றாக யாரும் நெல்மேல் தண்ணீர் தெளித்துவிடக்கூடாது. அங்கே எதிரி குளிர், இங்கே எதிரி ஈரம். தெளித்தால் நோயை நாமே கூப்பிட்டது ஆகும்.

பள்ளத்தூர் ஆச்சி | மாசி 3, மதியம் 2.15

ஐயாவின் பேரேட்டைப் பரணிலிருந்து இறக்கிப் பார்த்தேன். கடைசிப் பக்கங்களில் பென்சிலால் எழுதியிருக்கிறார். "பனி காலம் தாழ்ந்தது", "பனி கடுமை, கீழச்செய் பதர்", "மாசி மகத்தோடு பனி விட்டது" என்று வரிகள். ஒரு வருடம் மாசி மகத்தோடு பனி விட்டதாக இருக்கிறது. இன்னொரு வருடம் பங்குனி பத்துக்குப் பிறகும் பனி என்று இருக்கிறது. ஒரே வீட்டில், ஒரே ஆள், ஒரே கண்ணால் பார்த்து எழுதியதிலேயே மூன்று வாரத்துக்கு மேல் வித்தியாசம். தம்பி கேட்ட அந்த ஒரு தேதி பேரேட்டில் இல்லை.

கீழச்செய் என்ற சொல்லை மட்டும் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். மேலச்செய் பதர் என்று ஒரு இடத்திலும் இல்லை.

கல்லல் சம்சாரி | மாசி 3, இரவு 8.00

ஆச்சி, அதைப் படித்ததும் உடம்பு சிலிர்த்தது. நேரம் ஒதுக்கித் தேடிப் பார்த்ததற்கு மிகவும் நன்றி.

அப்படியென்றால் என் கேள்வியே தப்பு என்று புரிகிறது. 145 நாள் சம்பாவைப் புரட்டாசியில் முளைக்க விட்டால் கதிர் தையில்தான் வரும். 120 நாள் ரகம் போட்டாலும் மார்கழியில்தான் வரும். மழையை நம்பி விதைக்கும் வரை நெல்லைப் பனியிலிருந்து தேதியால் காப்பாற்ற முடியாது, இல்லையா? பள்ளத்துக்கு எந்த ரகம் என்பதைத்தான் நான் கேட்டிருக்க வேண்டும்.

வம்பன் பக்கத்து ஆள் | மாசி 3, இரவு 8.35

அதேதான். மேட்டில் பிபிடியைத் தொடருங்கள். பள்ளத்துக்குச் சன்னமாகவே வேண்டுமென்றால் டி.கே.எம் 13 பாருங்கள், 130 நாள். நான் பார்த்த செய்களில் குலைநோயைப் பிபிடியைவிட நன்றாகத் தாங்கியது. முதல் வருடம் பாதியில் போட்டுப் பாருங்கள். குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, செட்டிநாட்டிலேயே மானாவாரி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. புரட்டாசிக்கு முன் போய் விதை பற்றி விசாரித்துவிடுங்கள்.

நெல்லுக்குப் பின் வருவதில் தேதியால் செய்யக்கூடியது நிறைய உண்டு. பள்ளத்தில் ஈரம் எப்படி இருக்கிறது?

கல்லல் சம்சாரி | மாசி 3, இரவு 8.50

மிதித்தால் கால் தடம் பதிகிறது, தண்ணீர் நிற்கவில்லை. அறுப்பு மாசி 22 வாக்கில் இருக்கும். உளுந்து தெளிக்கலாமா என்று யோசனை. எள் போடு என்கிறார் அம்மா.

வம்பன் பக்கத்து ஆள் | மாசி 3, இரவு 9.20

உளுந்து போடுங்கள். மெழுகுப் பதம் என்று சொல்வோமே, அந்த ஈரம் இருக்கும்போது அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் நிற்கிற நெல்லுக்குள்ளேயே தெளித்துவிட வேண்டும். வம்பன் 8 ரக உளுந்து கிடைத்தால் ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ. மாசி 13, 14-ல் தெளித்தால் பூப்பதற்குப் பங்குனி பாதி தாண்டிவிடும். ஆச்சியின் பேரேட்டுக் கணக்குப்படி பனி பிந்தினாலும் அதற்குள் விட்டிருக்கும். சாம்பல் நோய்ப் பயம் குறைவு. கேத்திக்காரர் முளை வெளியே வரும் நாளைப் பார்க்கிறார், நீங்கள் பூ வரும் நாளைப் பாருங்கள்.

எள் மேட்டுக்கு. அறுத்து, உழுது, ஏக்கருக்கு இரண்டு கிலோ விதையை நாலு பங்கு மணலோடு கலந்து வீசுங்கள். எள்ளுக்குக் குளிர்ந்த மண் பிடிக்காது, சூடேறியபின் போட்டால்தான் ஒன்றுபோல முளைக்கும். அம்மா சொன்னதும் சரிதான்.

கல்லல் சம்சாரி | மாசி 26, இரவு 7.30

விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். மாசி 14 உளுந்து தெளித்தேன். மாசி 23 அறுப்பு, இயந்திரத்தைப் பதினொரு மணிக்குத்தான் இறங்க விட்டேன். மேட்டில் 27 மூட்டை, பள்ளத்தில் 9. தனித்தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன். புதுவயல் அண்ணன் வந்து பார்த்தார், மேட்டு நெல்லுக்கு நல்ல விலை சொல்லியிருக்கிறார்.

பள்ளத்தில் தாளுக்கு நடுவே உளுந்து இரண்டிலை விட்டிருக்கிறது. இயந்திரச் சக்கரம் ஏறிய தடத்தில் மட்டும் இல்லை. இன்று காலை பள்ளத்தில் 21, மேட்டில் 22. எட்டு மணிக்குப் பள்ளத்திலும் கால்சட்டை நனையவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் கீழச்செய் என்று எழுதியிருக்கிறேன்.

பள்ளத்தூர் ஆச்சி | மாசி 26, இரவு 8.10

நேற்று ராத்திரி வடகத்தை மறந்து மாடியிலேயே விட்டுவிட்டேன் தம்பி. காலையில் போய்ப் பார்த்தால் காய்ந்தது காய்ந்தபடியே இருக்கிறது. உங்கள் நோட்டில் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.